இரண்டு கடிதம், ஒரு வாளி

ஆகஸ்ட் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் உன்னோடு தங்கியிருப்பவளிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதி என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அப்பாவுக்கு பஸ் டிப்போவில் இரவு ஷிப்ட். அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ நலமா? நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

நீ போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நீ வேலைக்குப் போன அன்று, உன் துணி ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்று அப்பா சொன்னார் அல்லவா? அம்மா சரி என்று தலையாட்டினாள். குப்பையில் போட்டுவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அவள் போடவே இல்லை. பரணில், ஓடாத மின்விசிறிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் வரும் நாட்களில் இறக்கி, மடியில் வைத்து முகர்ந்துவிட்டு மறுபடியும் ஏற்றிவிடுவாளாம். இத்தனை நாள் எனக்கே தெரியாது.

நேற்று இறக்கியபோது நான் பார்த்துவிட்டேன். மழைத் தண்ணீர் பரணில் ஒழுகியிருக்கிறது. சாக்கைப் பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம். உன் வெள்ளைச் சட்டைகள் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பச்சைப் பாவாடையில் சாம்பல் தூவினாற்போல் பூசணம். அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "அவ வாசனை போயிடுச்சுடி"ன்னு சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மொத்தம் பதினொரு துணி. நீ சலவைக்கூடத்தில்தானே வேலை செய்கிறாய்? பூசணம் எப்படிப் போகும் என்று எழுது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. தெருமுனைத் தையல்காரம்மா கடை முகவரிக்குப் போடு. அவர் மூச்சு விடமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மறுபடியும் சொல்கிறேன், கிழித்துவிடு.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 12

என் சுண்டெலிக்கு,

நான் நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது. கோபப்படாதே.

அம்மா வைத்திருக்கிறாள் என்பதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரியோடது. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு. அன்றைக்கு நான் நீலத் துணியை வெள்ளையோடு போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர், "என்னம்மா, டாக்டருங்க எல்லாரையும் வானத்துல பறக்க விடப்போறியா?" என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறையில் போய் அழுதேன். அதை அம்மாவிடம் சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் துணிகளை மொட்டை மாடிக்கு எடுத்துப்போ. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டி எடு. வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்றத் துணிகளிலும் ஏறிவிடும். அப்புறம் நான்கு மடங்கு தண்ணீரில் ஒரு மடங்கு வெள்ளை வினிகர் கலந்து ஒரு மணி நேரம் ஊற வை. பிறகு சோப்புப் போட்டு, துணி தாங்குகிற சூட்டில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வை. தையல் மடிப்புக்குள் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு இனிமேல் வேண்டவே வேண்டாம். பழைய தலையணை உறை போதும்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மா முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வீட்டில் மற்றவர்களும் நலம்தானே?

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 27

சுண்டெலிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன்னிடமிருந்து பதிலே இல்லை. மாட்டிக்கொண்டாயா? பரீட்சையா? இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறேன். பரீட்சையாகவே இருக்கட்டும்.

வினிகரில் போட்டுப் பார்த்திருப்பாய். கறுப்புப் புள்ளி போயிருக்காது. சாம்பல் நிறப் பூசணம் என்றால் வினிகருக்கு அடங்கும். கறுப்பு நாள்பட்டது, நூலுக்குள் இறங்கியிருக்கும். இன்றைக்கு அப்படித்தான் ஒரு கட்டு விரிப்பு வந்தது. உடனே உன் ஞாபகம்.

வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும் பிளீச் போடலாம். கடையில் பாட்டிலில் விற்பார்கள். முக்கால் வாளித் தண்ணீரில் ஒரு மூடி. பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் துணி இற்றுவிடும். வண்ணத் துணிப் பக்கம் கொண்டுபோகாதே. கையில் உறை போட்டுக்கொள். என் விரல்கள் இப்போது இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய், அதனால்தான் சொல்கிறேன்.

அந்த வெள்ளைச் சட்டையில் ஒன்று, காலரில் சின்ன எம்பிராய்டரி இருக்குமே, அது பிழைத்தால் போதும். அம்மா போட்டுக் கொடுத்தது.

பதில் எழுது. ஒரு வரியாவது.

அக்கா


செப்டம்பர் 10, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! நான் மாட்டிக்கொள்ளவில்லை. தையல்காரம்மாவுக்குக் கணுக்கால் பிசகி ஐந்து வாரம் கடை பூட்டியிருந்தது. இன்றைக்குத்தான் திறந்தார். உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்து ஒன்றாகக் கொடுத்தார். "உன் அக்கா என்னடி, புஸ்தகமே எழுதுறா"ன்னு கிண்டல் வேறு. ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

இரண்டையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி அவளே மறுபடியும் படித்தாள். நீ அழுததை நான் படிக்காமல் தாண்டினேன். அவள் படிக்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு டபுள் ஷிப்ட். அன்றைக்கே முடித்துவிடுகிறோம். காலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். பெரிய வாளி ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றில் ஊறவைத்து அலசி, மறுபடி இன்னொன்றில் ஊறவைத்து அலச நேரம் பத்தாது என்றாள் அம்மா. "ரெண்டும் நல்லதுதானே? ரெண்டையும் ஒண்ணா ஊத்திடலாம். ரெண்டு மடங்கா வெளுக்கும்" என்றாள். நானும் சரி என்றேன். வண்ணத் துணியைச் சும்மா முக்கி உடனே எடுத்துவிடுவோம்.

மொட்டை மாடிக்கு மட்டும் கொண்டுபோக முடியாது. கீழ்வீட்டுக் கண்டக்டர் பெண்சாதி எந்நேரமும் மாடியிலேதான் இருக்கிறாள். உன் பச்சைப் பாவாடையைப் பார்த்தால் அன்று சாயங்காலமே அப்பா காதுக்குப் போய்விடும். அதனால் குளியலறைக்குள்தான். ஜன்னல் மாடிப்படிப் பக்கம் திறப்பதால் வினிகர் வாசனை வெளியே போகாதபடி அதில் பழைய பாயைச் செருகிவிடலாம் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? நான்தான்!

அம்மா உன் கடிதங்களை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்காதே, சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கையில் எண்ணெய் தடவு.

உன்
சுண்டெலி


தந்தி
செப்டம்பர் 15, பகல் 12.20

அப்பாவுக்கு. வினிகர் பிளீச் ஒன்றாய்க் கலக்க விடாதீர்கள். விஷவாயு. கலந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் இரண்டின் பெயரும் சொல்லவும். மூத்தவள்.


செப்டம்பர் 15, இரவு

சுண்டெலி,

இன்றைக்கு மதியம்தான் உன் கடிதம் வந்தது. "ரெண்டையும் ஒண்ணா" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தேதியைப் பார்த்தேன். ஞாயிறு என்றால் நேற்று. நேற்றே முடிந்திருக்கும். ஏப்ரனைக் கழற்றாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். வீட்டுக்கே தந்தி அடித்தேன், அவர் பெயருக்கே. வேறு யார் பெயருக்கு அடிப்பது? அம்மா பெயருக்கு வந்தாலும் அவர்தான் பிரிப்பார்.

எங்கள் கூடத்தில் வினிகர் ஒரு அறை, பிளீச் இன்னொரு அறை. வாளிகூட வேறு நிறம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் தொடவே முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள், பிறகு யாரும் பேசுவதே இல்லை. அதனால் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கடிதத்துக்கும் நடுவில் பதினைந்து நாள் இருந்தது. நீ ஒன்றை முடித்த பிறகுதான் இன்னொன்றைப் படிப்பாய் என்று நினைத்துவிட்டேன்.

கதவையும் அடைத்தீர்களா? ஜன்னலில் பாயைச் செருகினீர்களா? நீ உள்ளே இருந்தாயா?

மூன்று பேரும் நலம் என்று ஒரு வரி எழுது. பொய்யாக எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 19, இரவு

அக்கா,

நலமா என்று நீ கேட்டிருக்கிறாய். நான் நலம். நான் வெளியே இருந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அன்றைக்கு அம்மா என்னைக் கதவுக்கு வெளியே காவல் நிற்கச் சொன்னாள். கண்டக்டர் பெண்சாதி ஏறி வந்தால் இருமச் சொன்னாள், அதுதான் எங்கள் ஜாடை. பிளீச்சை ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா இருமினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. "ஏம்மா, நான்ல இருமணும்?" என்று கேட்டேன். மறுபடியும் இருமினாள், இருமல் நிற்கவே இல்லை. பிறகு வாளி இடிபட்ட சத்தம்.

கதவைத் தள்ளினேன். கண்ணில் மிளகாயை அப்பினாற்போல் இருந்தது. அம்மா வாசற்படியில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். இழுத்து வெளியே போட்டேன். நான் இழுத்ததில் அவள் கையில் நகக்கீறல் இருக்கிறது, இன்னும் ஆறவில்லை.

கண்டக்டர் பெண்சாதிதான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்னம்மா கலந்தீங்க?" என்று கேட்டார். அம்மா பேச முடியாமல் பேசினாள். "சோப்புத் தூள்தான் டாக்டர்… தும்மல் வந்துச்சு." டாக்டர் என்னைப் பார்த்தார். "பாப்பா, வேற ஏதாச்சும் போட்டீங்களா?" அம்மா என் கையை அழுத்தினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அக்கா, நான்தான் தலையாட்டினேன். மருந்தின் பெயரைச் சொன்னால் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள், உன் பெயர் வரும், கடிதம் வரும், துணி வரும். அதனால் தலையாட்டினேன். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வந்து கேட்டபோதும் சோப்புத் தூள் என்றே சொன்னோம். மறுநாள் முழுக்க அம்மா சுவரில் சாய்ந்துகொண்டே மூச்சு வாங்கினாள். படுக்க முடியவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டே வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்குப் போகவில்லை, வாயையும் திறக்கவில்லை.

நான்கு மணிக்குத் தந்திக்காரர் வந்தார். அப்பா வாசலிலேயே பிரித்துப் படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினார், செருப்புக்கூடப் போடவில்லை. தந்தியை டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் படித்துவிட்டு, "இதை நேத்தே சொல்லியிருந்தா நான் வீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டேனே!" என்று கத்தினார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை.

சுண்டெலி


செப்டம்பர் 25

என் கண்ணே,

நான் இருக்கிறேன், நலம்தான். என்னைப் பற்றி விடு.

நீ அம்மாவை வெளியே இழுத்தாய். அதை மறக்காதே. எழுதாமல் விட்டது நான், ஊற்றியது அம்மா, தலையாட்டியது நீ. பயந்துபோய்த் தலையாட்டினாய். இதில் யார் தப்பு பெரிசு என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எடை போடாதே. நான் போட்டுப் பார்த்துவிட்டேன், விடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் செய். டாக்டர் இனி எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல். என் பெயர் வந்தால் வரட்டும். என் பெயரை வெளியே சொல்லாததால்தான் அம்மாவுக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது.

லீவு கேட்டேன். வேலைக்கு ஆள் குறைவு, மாதக் கடைசியில் பார்க்கலாம் என்கிறார்கள். லீவு கிடைத்தாலும் எந்த வாசலில் வந்து நிற்பேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் என்றால் யாரும் தடுக்க முடியாது, இல்லையா?

அவர் சாப்பிடுகிறாரா?

அக்கா


அக்டோபர் 6, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றது.

அம்மா குரல் மாறிவிட்டது. ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். கோபித்துக்கொள்ளும்போது மட்டும் பழைய அம்மா. கண்டக்டர் பெண்சாதி பார்க்க வந்து, "என்னம்மா, பொண்ணு துணியத் துவைக்கப் போயி உசுரையே துவைச்சுக்கப் பாத்தியே" என்றாள். அம்மா, "உன் வாய்க்குப் பயந்துதாண்டி" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகு கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கெட்டவள் இல்லை போலிருக்கிறது, அக்கா. அவளிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் மொட்டை மாடியிலேயே துவைத்திருக்கலாம்.

அப்பா சாப்பிடுகிறார். ஆனால் இந்த மூன்று வாரமும் என்னிடம் "தண்ணி", "சாவி", "கதவு" இவ்வளவுதான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால் துணியைக் காணவில்லை. அம்மாவை அட்மிட் செய்த ராத்திரி அப்பா மட்டும் வீட்டுக்கு வந்துபோனார். மறுநாள் நான் வந்து பார்த்தால் குளியலறை ஜன்னலில் பாய் இல்லை. வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பதினொரு துணியில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டு, "எங்கடி?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எரித்திருப்பார். முன்பு சொன்னதை இப்போது செய்து முடித்திருப்பார். அம்மா அதற்காகத்தானே உயிரைக் கொடுக்கப் பார்த்தாள்? அவள் எழுந்து நேரே கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இன்னொன்றும் சொல்கிறேன். நீ எழுதிய கடிதங்களை அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். சாயங்காலம் பார்த்தேன், அவையும் இல்லை. அப்பா கையில்தான் இருக்க வேண்டும். அவர் இன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. அக்கா, அவர் எழுந்துவிட்டார். நடந்து வருகிறார். டார்ச்சை அணைக்கலாம் என்றால் வெளிச்சம் கதவிடுக்கில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கதவைத் தட்டு


அக்டோபர் 7

மூத்தவளுக்கு,

உன் அம்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் அப்படியே இருக்கும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். சின்னவள் நலம். எனக்கு ஒன்றுமில்லை.

இத்துடன் இருப்பது சின்னவள் உனக்கு எழுதிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டியதில் பயந்து பாதியில் விட்டுவிட்டாள். படித்தேன். உன் கடிதங்களையும் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான்.

தந்தி வந்த அன்று நான் காலை ஷிப்டுக்கு மாறி மூன்று மணிக்கே வந்திருந்தேன். மதிய ஷிப்டாக இருந்தால் அந்த நேரம் வீட்டில் இருந்திருக்க மாட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

துணிகளை நான் எரிக்கவில்லை. அன்று ராத்திரி ஜன்னலைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து, எட்டுத் தடவை தண்ணீர் மாற்றி அலசினேன். வீட்டில் காயப்போட இடம் இல்லை. டிப்போவுக்கு எடுத்துப்போய் டயர் அடுக்கும் கம்பிகளில் போட்டேன், அங்கே காற்று நன்றாக வரும். "என்ன அண்ணே, பஸ்ஸுக்குப் பாவாடை கட்டி விடுறீங்களா?" என்று பையன்கள் கேட்டார்கள். என் மகள் துணி என்றேன்.

நான்கு துணி கையில் எடுக்கும்போதே இற்றுவிட்டது. பச்சைப் பாவாடை திட்டுத்திட்டாக வெளுத்துப்போயிற்று. மற்றவை தேறும். இன்று காலை உன் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். தையல் மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் மடித்தாள்.

எம்பிராய்டரி போட்ட சட்டை பிழைத்துக்கொண்டது. காலரில் மட்டும் இன்னும் ஐந்தாறு கறுப்புப் புள்ளி இருக்கிறது. இனி என்ன போட வேண்டும் என்று எழுது. ஒரு கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுது. வீட்டு முகவரிக்கே எழுது.

லீவு கிடைத்தால் நேரில் வந்து செய்துவிடு, அதுவே நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அப்பா